லேக்காக்: நாலு தெருவும் ஒரே வீட்டுக்காரரும்

இங்கிலாந்தின் தென்மேற்கே, வில்ட்ஷைரில், சிப்பனம் நகருக்குத் தெற்கே மூன்று மைல் தொலைவில் ஏவன் ஆற்றங்கரையில் இருக்கிறது லேக்காக். ஹை ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட் என்று நாலே தெரு. மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடு ஒன்று, அதை ஒட்டி ஒரு கல்வீடு, அதற்கடுத்து ஒரு செங்கல் முகப்பு. கூரைகளில் பாசி படர்ந்த கல்லோடுகள். பாரம் தாங்கித் தாங்கி முகடு நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கும். 1800க்குப் பிறகு கட்டிய வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகாது, எல்லாம் மண்ணுக்கு அடியில்.

இத்தனைக்கும் இது ஆட்கள் வாழ்கிற ஊர். ஆரம்பப் பள்ளி இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, ரொட்டிக் கடை இருக்கிறது, நூற்றாண்டுகளாக நடக்கும் மதுவிடுதிகள் இருக்கின்றன. ஆனால் இந்த வீடுகளில் பெரும்பாலானவை அவற்றில் குடியிருப்பவர்களுக்குச் சொந்தமில்லை. 1944 முதல் கிட்டத்தட்ட ஊர் முழுவதற்கும் ஒரே வீட்டுக்காரர்: நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை.

பழங்கட்டடப் பாதுகாப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சட்டம். காக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியல், தடை, அபராதம். லேக்காக்கின் வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொரு சித்திரம் கிடைக்கிறது. சட்டத்துக்குப் பல் முளைப்பதற்கு முன்பே ஊர் காப்பாற்றப்பட்டுவிட்டது. சட்டத்தால் செய்யவே முடியாத ஒரு வேலையை ஒற்றை வீட்டுக்காரர் முறை செய்துகொண்டிருக்கிறது. அதற்கான விலையை வாடகைக்கு இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பேசாமல் லேக்காக்கை "அழகான ஊர்" என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போவது நியாயமில்லை.

மடத்து ஊர்

கதை ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. சாலிஸ்பரி சீமாட்டி ஏலா. அவருடைய கணவர் வில்லியம் லாங்ஸ்பே 1226இல் இறந்துபோனார். அதன்பின் ஏலா வில்ட்ஷைரின் ஷெரீஃபாகவே, அதாவது அரசர் சார்பில் மாவட்டத்தை நிர்வகிக்கும் அதிகாரியாகவே, பதவி வகித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது மிக அபூர்வமான பொறுப்பு. 1232இல் லேக்காக்கில் அகஸ்டீனிய கன்னியர் மடத்தை நிறுவினார். சில ஆண்டுகளில் தானே துறவு பூண்டு, அதன் முதல் தலைவியானார். மடத்தின் வாசலில் ஊர் வளர்ந்தது. ஊரை வளர்த்தது ஆட்டு ரோமம். சந்தை கூடியது, நெசவு நடந்தது. அந்தச் செல்வத்தில் எழுந்தவைதான் இன்று நாம் பார்க்கிற பழைய வீடுகள் பலவும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்காக வந்த தானியத்தையும் ரோமத்தையும் சேர்த்து வைத்த 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் இன்னும் நிற்கிறது. வளைந்த பெருமரங்களை இணை இணையாக நிறுத்திக் கூரையைத் தாங்கச் செய்திருக்கிறார்கள்.

1539இல் எட்டாம் ஹென்றி நாடு முழுவதும் மடங்களைக் கலைத்தபோது லேக்காக் மடமும் மூடப்பட்டது. வில்லியம் ஷாரிங்டன் என்பவர் அதை 783 பவுண்டுக்கு வாங்கினார். மடத்தின் தேவாலயத்தை இடித்தார். ஆனால் முற்றத்தைச் சுற்றியிருந்த தாழ்வாரங்களையும் அறைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு மேல்தளத்தைத் தன் வீடாக்கினார். பிரிஸ்டல் நாணயச் சாலைக்குப் பொறுப்பாளராக இருந்தபோது காசில் கலப்படம் செய்து பிடிபட்டு, மன்னிப்புப் பெற்றுத் தப்பியவர் இவர். அப்படிப்பட்டவர் கையில் கிடைத்தும் மடத்தின் பாதி பிழைத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. பிறகு ஷாரிங்டன் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிய வகையில் சொத்து டால்பட் குடும்பத்துக்குப் போயிற்று.

இந்த ஆய்வின் முதல் முடிச்சு இங்கேதான். 1540 தொடங்கி 1944 வரை, நானூறு ஆண்டு, மடமும் ஊரும் ஒரே வம்சத்தின் கையில். ஊரில் இருந்தவர்கள் வாடகைக்காரர்கள். வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் உரிமை அவர்களுக்கு இல்லை. பிறகு பணமும் இல்லை. துணித்தொழில் ஆலைக்கு மாறியபோது ஆலைகள் டிரோபிரிட்ஜ், பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் போன்ற ஊர்களுக்குப் போயின. லேக்காக் பின்தங்கியது. பணம் வந்த ஊர்களில் பழைய வீடுகளை இடித்து அந்தந்தக் காலத்து நாகரிகத்தில் மறுபடி கட்டிக்கொண்டார்கள். பணம் வராத ஊரில் இருந்ததை ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். இன்று பயணிகள் படம் எடுக்கும் அழகில் பாதி, இல்லாமையால் மிஞ்சிய அழகு. இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

படம் என்றதும் இன்னொன்று. இந்த வம்சத்தில் வந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்தான் 1835 ஆகஸ்டில் மடத்தின் தெற்குக் கூடத்து ஜன்னலைத் தன் சிறு பெட்டிக் கேமராவில் பதிவு செய்தார். தபால்தலை அளவே உள்ள அந்தத் தாள், இன்று நம்மிடம் இருக்கும் புகைப்பட நெகட்டிவ்களிலேயே மிகப் பழையது. ஊருக்கு இன்று வரும் கூட்டத்தில் ஒரு பகுதி அந்த ஜன்னலைப் பார்க்கவே வருகிறது.

மாட்டில்டா டால்பட் எடுத்த முடிவு

ஃபாக்ஸ் டால்பட்டின் மகன் சார்லஸ் 1916இல் வாரிசின்றி இறந்தார். சொத்து அவருடைய சகோதரி மகள் மாட்டில்டாவுக்கு வந்தது. சமையற்கலை கற்றுக்கொடுக்கும் ஆசிரியையாக வேலை பார்த்தவர். மாளிகை வாழ்க்கையை எதிர்பார்த்து வளர்ந்தவர் அல்லர். மடம், ஊர், பண்ணை நிலம் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் அவர் தலைமேல் வந்து இறங்கின. சொத்தோடு சேர்த்து டால்பட் என்ற குடும்பப் பெயரையும் அவர் ஏற்றார்.

அந்தக் காலகட்டத்தில் இங்கிலாந்தின் பெருநிலக் குடும்பங்கள் வாரிசு வரியாலும் பராமரிப்புச் செலவாலும் நொடித்துப்போய்க்கொண்டிருந்தன. மாளிகைகள் இடிக்கப்பட்டன. ஊர்கள் துண்டு துண்டாக ஏலத்தில் போயின. 1937இல் ஒரு சட்டத் திருத்தம் வழி திறந்தது: மாளிகையை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பம் அங்கேயே குடியிருக்கலாம். மாட்டில்டா இன்னும் ஒருபடி மேலே போனார். 1944இல், போர் முடியும் முன்பே, மடத்தோடு ஊரையும் சேர்த்துக் கொடுத்தார். 1958இல் இறக்கும்வரை லேக்காக்கிலேயே வாழ்ந்தார். மடத்தில் பல நூற்றாண்டாகப் பாதுகாத்து வந்த 1225ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா (அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனம்) பிரதியை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அளித்தவரும் அவரே. இப்போது அது பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ளது.

ஊரையும் சேர்த்துக் கொடுத்ததில்தான் அவருடைய தொலைநோக்கு தெரிகிறது. மடத்தை மட்டும் கொடுத்திருந்தால் அது மதில் சூழ்ந்த அருங்காட்சியகமாக நின்றிருக்கும். நாலு தெருவும் நாலு பக்கம் சிதறியிருக்கும். மடம் வாசலில் ஊரை வளர்த்தது, ஊர் மடத்துக்கு உழைத்தது. இரண்டும் ஒரே வரலாறு.

நேஷனல் டிரஸ்ட் அரசுத் துறை அன்று. ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி மூவரும் 1895இல் தொடங்கிய தனியார் அறக்கட்டளை. ஆனால் 1907இல் நாடாளுமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, வேறு யாருக்கும் இல்லாத ஓர் அதிகாரத்தைக் கொடுத்தது. தன்னிடம் வந்த சொத்தை "மாற்ற முடியாதது" என்று டிரஸ்ட் அறிவித்துவிட்டால், பிறகு அதை விற்கவோ அடமானம் வைக்கவோ டிரஸ்டாலேயே முடியாது. அரசு கட்டாயமாக எடுத்துக்கொள்ள நினைத்தாலும் டிரஸ்ட் எதிர்த்தால் நாடாளுமன்றத்தின் தனி நடைமுறையைத் தாண்ட வேண்டும். நீண்ட குத்தகையில் குடியிருப்பவர் வீட்டின் நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ள 1967ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தபோதும், இத்தகைய டிரஸ்ட் சொத்துகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எந்தக் கட்டடப் பட்டியலாலும் தர முடியாத காவல் இது. நிர்வாகிகள் மாறலாம், அவர்களுடைய ரசனை மாறலாம், பணமுடை வரலாம், விற்கிற கதவு மட்டும் திறக்காது.

சட்டம் எப்போது வந்தது

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். 1882இல் வந்த முதல் சட்டம் ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரியான தொல்சின்னங்களுக்கானது. ஆட்கள் குடியிருக்கும் வீடுகளை அது தொடவில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த நகரங்களில் எதை இடிப்பது, எதை நிமிர்த்துவது என்று அவசரமாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்போது கட்டடக் கலைஞர்கள் தயாரித்த பட்டியல்களிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய முறை. 1944, 1947ஆம் ஆண்டுகளின் நகர, ஊரகத் திட்டச் சட்டங்கள் நாடு முழுவதும் பட்டியல் எடுக்கச் சொன்னன.

பட்டியலில் பெயர் ஏறியதும் கட்டடம் பத்திரமாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். தொடக்கத்தில் உரிமையாளர், இடிக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே தகவல் கொடுத்தால் போதும். உள்ளாட்சி அந்த இடைவெளிக்குள் சுறுசுறுப்பாகத் தடை ஆணை பிறப்பித்தால் உண்டு, இல்லையென்றால் கட்டடம் போய்விடும். முன் அனுமதி வாங்கியே தீர வேண்டும் என்ற விதி 1968இல்தான் வந்தது. ஒரு கட்டடத்தை மட்டுமின்றித் தெருவையே, ஊரின் மையத்தையே பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கும் அதிகாரம் அதற்கு முந்தைய ஆண்டுதான், 1967இல். முதலில் அப்படி அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷைரின் ஸ்டாம்ஃபர்ட் நகரம்.

மாட்டில்டா பத்திரம் எழுதிக் கொடுத்த 1944க்கும் சட்டத்துக்குப் பல் முளைத்த 1968க்கும் நடுவே 24 ஆண்டுகள். இங்கிலாந்தின் ஊர்களும் நகரங்களும் பழைய முகத்தை மிக வேகமாக இழந்த ஆண்டுகள் அவை. சாலையை அகலப்படுத்தினார்கள், கடைகளுக்குக் கண்ணாடி முகப்பு வைத்தார்கள், மரச்சட்ட ஜன்னல்களைக் கழற்றி இரும்புச் சட்டம் போட்டார்கள். அந்த ஆண்டுகளில் லேக்காக்கைத் தாங்கியது பட்டியல் அன்று, அந்தப் பத்திரம்.

இன்றைய சட்டம் வலுவானது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் இப்படிச் சுமார் 4 லட்சம் பதிவுகள் உள்ளன. தேசத்துக்கே தனிச்சிறப்பானவை கிரேடு 1, அது மொத்தத்தில் 2.5 சதவீதம்தான். அடுத்தது கிரேடு 2 நட்சத்திரம், 5.8 சதவீதம். மீதி 91.7 சதவீதம் கிரேடு 2. லேக்காக் மடமும் புனித சிரியாக் தேவாலயமும் கிரேடு 1. தெருக்களில் உள்ள வீடுகளில் பெரும்பாலானவையும் பட்டியலில் இருக்கின்றன.

முகப்புக்குத்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உள்ளே இருக்கும் மாடிப்படி, கணப்பு, தரைப்பலகை, சுவர்ப்பூச்சு எல்லாம் சேர்த்தி. வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன் கட்டிய கொட்டகையும் மதிலும்கூடச் சேர்த்தி. அனுமதியின்றி வேலை செய்வது கிரிமினல் குற்றம். இரண்டு ஆண்டுவரை சிறை, வரம்பில்லாத அபராதம். பழையபடி மாற்றச் சொல்லும் ஆணைக்குக் காலக்கெடு கிடையாது. முன்பு இருந்தவர் செய்த தப்புக்கு இன்று வாங்கியவர் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய ஓட்டை. இந்தச் சட்டம் "செய்யாதே" என்கிறது. "செய்" என்று அன்றாடம் சொல்ல அதனிடம் வழியில்லை. வீட்டைப் பராமரித்தே ஆக வேண்டும் என்ற பொதுக் கடமை உரிமையாளருக்குக் கிடையாது. நிலைமை முற்றிய பிறகு உள்ளாட்சி அவசரப் பழுதை எடுத்துச் செய்து செலவை வசூலிக்கலாம், அல்லது பழுதுபார்க்கும்படி நோட்டீஸ் கொடுத்து, அப்படியும் நடக்காவிட்டால் கட்டடத்தைக் கட்டாயமாக வாங்கலாம். பணமும் ஆளும் குறைந்த உள்ளாட்சிகள் அதுவரை போவது அரிது. ஒரு பழைய வீட்டைக் கொல்ல இயந்திரம் தேவையில்லை. மழைநீர்த் தாரையில் அடைத்த இலையை இரண்டு மாரிக்காலம் அப்படியே விட்டால் போதும்.

சுண்ணாம்பும் ஓக் மரமும்

பாதுகாப்பின் நிஜமான வேலை இந்தத் தாரையில்தான் இருக்கிறது. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பழங்கட்டடங்களைப் பற்றிய பேச்சில் இது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

லேக்காக் மாதிரி ஊர்களில் ஒரு மரச்சட்ட வீடு என்பது ஓக் மரத்தாலான எலும்புக்கூடு. செதுக்கிய முனையைத் துளையில் செருகி, மர ஆணி அடித்து இணைத்திருப்பார்கள். சட்டங்களுக்கு நடுவே மிலாறு பின்னி, மண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். கல்வீடு என்றால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர். கூரைக்குப் பிளந்தெடுத்த கல்லோடு. இறவாணத்தில் பெரிய கல், மேலே போகப் போகச் சிறியது, முகட்டருகே உள்ளங்கை அகலம். இந்த வரிசை அழகுக்காக மட்டும் இல்லை. மழைநீர் அதிகம் சேரும் கீழ்ப்பகுதியில் இணைப்புகள் குறைவாக இருக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இந்தச் சுவர்கள் நீரை உள்ளே விடாமல் தடுப்பவை அல்ல. கொஞ்சம் வாங்கிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் விட்டுவிடுபவை. மென்மையான சுண்ணாம்பு இணைப்பின் வழியாக ஈரம் வெளியேறும். உப்பும் உறைபனியும் அரித்தாலும் அரிபடுவது அந்த இணைப்புத்தான். ஐம்பது, நூறு ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிப் புதிதாக நிரப்பினால் கல் அப்படியே நிற்கும். 20ஆம் நூற்றாண்டில் சிமென்ட் வந்தது. உறுதியானது, சீக்கிரம் இறுகுவது என்று நல்ல எண்ணத்தில்தான் பழைய சுவர்களில் பூசினார்கள். அதன்பின் ஈரத்துக்குப் போக வழியில்லாமல் போயிற்று. அது கல்லின் வழியாக வெளியேற முயன்றது, உறைபனியில் கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. மரச்சட்ட வீட்டில் சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் தேங்கிய ஈரம் அடிச்சட்டத்தை உளுக்க வைத்தது. வெளியே பார்த்தால் சுவர் கச்சிதமாக இருக்கும். உள்ளே ஓக் தூளாகியிருக்கும்.

வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது வைத்த வாதம் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை: பழையதுபோலத் தோன்றும்படி புதிதாகக் கட்டாதே, இருப்பதைப் பழுதுபார். உத்தரத்தின் நுனி உளுத்திருந்தால் நுனியை மட்டும் வெட்டிப் புதிய ஓக்கை இணைத்தால் போதும், உத்தரம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. சாய்ந்த சுவர் மேற்கொண்டு சாயாமல் நின்றுவிட்டது என்றால் அதை நிமிர்த்தக் கூடாது. இதற்குப் பழகிய கை வேண்டும், பொறுமை வேண்டும், தொடர்ச்சி வேண்டும்.

தொடர்ச்சி என்று வரும்போது ஒற்றை வீட்டுக்காரரின் பலம் தெரிகிறது. நாலு தெருவுக்கும் ஒரே ஆள் பொறுப்பு என்றால், கூரைகளை வரிசையாகப் பார்க்கலாம். ஒரு வீட்டில் சரியாக வந்த சுண்ணாம்புக் கலவையை அடுத்த வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். கழற்றிய கல்லோட்டில் நல்லவற்றை எடுத்து வைத்து இன்னொரு கூரைக்குப் பயன்படுத்தலாம். மின்கம்பியை மண்ணுக்குள் இறக்குவது போன்ற வேலை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முதலாளி இருக்கும் ஊரில் எவ்வளவு இழுபறியாகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே பேச வேண்டியது ஒருவரிடம்.

வரி விஷயத்தில் மட்டும் அரசு இந்த வேலைக்கு எதிராகவே நிற்கிறது. புதிதாக வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். பழைய வீட்டைப் பழுதுபார்த்தால் 20 சதவீதம். பட்டியலிட்ட கட்டடத்தில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்காவது ஒரு காலத்தில் வரிவிலக்கு இருந்தது. 2012 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டார்கள். காப்பாற்று என்று ஒரு சட்டம் சொல்லும்போது, காப்பாற்றினால் ஐந்தில் ஒரு பங்கு கூடக் கொடு என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. இதை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

உள்ளே இருப்பவர்கள்

வில்ட்ஷைரிலேயே, லேக்காக்கிலிருந்து அதிக தூரமில்லாத காசில் கோம்பும் இதே மாதிரி ஒரு முதலாளிக்குச் சொந்தமான ஊராகத்தான் இருந்தது. 1940களின் பிற்பகுதியில் அந்தச் சொத்து ஏலத்தில் பிரிந்து போயிற்று. பெரிய மாளிகை இன்று ஓட்டல். பட்டியல் சட்டம் அங்கேயும் அதே சட்டம்தான். கல்லும் கூரையும் லேக்காக் அளவுக்கே நன்றாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சந்தைக்கு வருகிறது. அழகான ஊரில் அழகான வீடு சந்தைக்கு வந்தால் யார் வாங்குவார்? அங்கே பிறந்து, பண்ணையிலோ கடையிலோ வேலை பார்க்கும் ஒருவரால் முடியாது. அந்த வீட்டில் ஆண்டு முழுக்க விளக்கு எரிகிறதா, வார இறுதிக்கு மட்டும் யாரோ வந்து போகிறார்களா என்று பட்டியல் சட்டம் கேட்பதே இல்லை.

லேக்காக்கில் அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையில் ஒருவர் இருக்கிறார். விடுமுறை வீடாகப் பூட்டி வைப்பதற்கு வீட்டைக் கொடுக்காமல், குடியிருக்கப் போகிறவருக்குக் கொடுக்கும் அதிகாரம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் நடக்கப் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகள் இருக்கக் குடும்பங்கள் வேண்டும். சட்டத்தால் செய்ய முடியாத வேலை என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான்.

இந்த ஏற்பாட்டின் சுமையை வாடகைக்காரர் சுமக்கிறார். முப்பது ஆண்டு குடியிருந்தாலும் வீடு சொந்தமாகாது. கதவுக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதில்கூடத் தன்னிஷ்டம் இல்லை. சொந்த வீட்டின் விலை ஏறி ஏறி மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த செல்வம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லவும் ஒன்றுமில்லை. 1989 ஜனவரிக்கு முன் தொடங்கிய குடித்தனங்களுக்குப் பொதுவாக இங்கிலாந்தில் நியாய வாடகைப் பாதுகாப்பு உண்டு. பிறகு வந்தவர்களுக்குச் சந்தை நிலவரம்தான். டிரஸ்ட் ஓர் அறக்கட்டளை என்பதால், தன் சொத்தை நினைத்தபடி குறைந்த விலைக்கு விடுவதற்கும் அறக்கட்டளைச் சட்டம் முட்டுக்கட்டை போடுகிறது. ஊர் அழகாக அழகாகச் சந்தை வாடகையும் ஏறும். அப்படியானால் விற்காமலே, வாடகை வழியாகவே ஊர்க்காரர்கள் மெல்ல வெளியேற்றப்படும் அபாயம் இருக்கிறது. மாற்ற முடியாத சொத்து என்ற 1907ஆம் ஆண்டுக் காவல், இந்த வாசலைக் காப்பதில்லை.

குளிர் இன்னொரு பிரச்சினை. பழைய கண்ணாடி மெல்லியது, ஜன்னல் சட்டங்களுக்கு இடையே காற்று நுழையும், கல் சுவரைச் சூடேற்ற நேரமாகும். இரட்டைக் கண்ணாடி போட அனுமதி கிடைப்பது எளிதன்று. சுவரின் உட்புறம் நவீனக் காப்புப் பலகை ஒட்டினால் மேலே சொன்ன சிமென்ட் கதையே திரும்ப வரும், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, A முதல் G வரையான தர வரிசையில், குறைந்தபட்சம் E ஆற்றல் தரம் வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது, அதை C ஆக உயர்த்த வேண்டும் என்று அரசு சொல்லிவருகிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் தன்மையைக் கெடுக்கும் மாற்றங்களுக்கு விலக்கு கேட்கலாம். விலக்கு வாங்குவது வீட்டுக்காரருக்குச் சுலபம். ஆனால் எரிவாயுக் கட்டணம் கட்டுவது வாடகைக்காரர். கனத்த திரை, ஜன்னலின் உட்புறம் கழற்றி மாட்டும் இரண்டாம் கண்ணாடி, கூரைக்கடியில் ஆட்டு ரோமக் காப்பு, சுண்ணாம்போடு சணல் கலந்த பூச்சு என்று கட்டடத்தைக் கெடுக்காத வழிகள் இருக்கின்றன. விலக்குப் படிவத்தை நிரப்புவதற்கு முன் இவை அத்தனையும் செய்து முடித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடுங்கிக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை குளிர்காலம் இருக்கும்? அது காலி செய்துகொண்டு போனால் கட்டடத்துக்குத்தான் நட்டம். அடுப்பு எரியாத வீட்டில் ஓதம் ஏறும்.

படப்பிடிப்பும் சுற்றுலாவும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்துக் கதைகளை எடுக்க வருபவர்கள் தெருவில் மண்ணைக் கொட்டி, வண்டிகளை அப்புறப்படுத்தி, சில நாள் ஊரைக் கைப்பற்றிக்கொள்கிறார்கள். கோடையில் கூட்டம் நெரிகிறது, வெளியாட்களின் வண்டிகளை ஊர் ஓரத்திலேயே நிறுத்தச் சொல்கிறார்கள். வருமானம் வருகிறது. ஜன்னலுக்குள் எட்டிப்பார்க்கும் முகங்களும் வருகின்றன.

தேவாலயத்தின் வெள்ளிக் கிண்ணம்

ஊரில் டிரஸ்டின் கைக்கு வெளியே இருப்பது தேவாலயம். இங்கிலாந்துத் திருச்சபையின் கட்டடங்களுக்குப் பட்டியல் அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. திருச்சபையே தனக்கென்று ஓர் அனுமதி முறையும் நீதிமன்றமும் வைத்திருக்கிறது. 1955 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தேவாலயத்தையும் தகுதியான ஒருவர் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்ற விதியும் உண்டு. வீடுகளுக்கு இல்லாத இந்த ஐந்தாண்டுச் சோதனை, என் கண்ணில், பட்டியல் சட்டம் முழுவதையும் விடப் பயனுள்ள ஒன்று.

ஆனால் அறிக்கை கூரையை மாற்றாது. அதற்குப் பணம் வேண்டும். புனித சிரியாக் தேவாலயத்திடம் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வெள்ளிக் கிண்ணம் இருந்தது. விருந்துகளில் குடிப்பதற்காகச் செய்தது, பிறகு பல தலைமுறையாகத் திருவிருந்துப் பாத்திரமாக ஊரில் புழங்கியது. பாதுகாப்புக்காகப் பல பத்தாண்டுகளாக பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்துவந்தது. அதை விற்றுத் தேவாலயத்தைப் பராமரிக்கலாமா என்று ஊர் இரண்டுபட்டது. வழக்கு திருச்சபை நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் 2013இல் பிரிட்டிஷ் மியூசியமும் டிவைசிஸில் உள்ள வில்ட்ஷைர் மியூசியமும் சேர்ந்து 13 லட்சம் பவுண்டுக்கு வாங்கின.

எதிர்த்தவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஊரின் கை பட்டுத் தேய்ந்த பொருள் அது. ஆனாலும் விற்றது சரி என்றே நினைக்கிறேன். கிண்ணம் தனியார் பெட்டகத்துக்குள் போகவில்லை, பாதிக் காலமாவது அதே மாவட்டத்தில் மக்கள் பார்க்கும்படி இருக்கிறது. ஒழுகும் கூரைக்குக் காத்திருக்க நேரமில்லை. எதைக் காப்பதற்கு எதை விடுவது என்ற கணக்கை அந்தச் சிறிய திருச்சபை வெளிப்படையாக, எதிர்ப்பாளர்களின் வாதத்தையும் கேட்டு, ஒரு நீதிபதியின் முன்னால் போட்டது.

வீடுகள் விஷயத்தில் அந்த வெளிப்படைத்தன்மைக்கு இன்னும் இடமில்லை. லேக்காக்கில் ஒரு ஜன்னலை மாற்ற வேண்டுமென்றால் விண்ணப்பம் வில்ட்ஷைர் கவுன்சிலுக்குப் போகும், வரைபடத்தோடு பொதுவில் வைக்கப்படும், பக்கத்து வீட்டுக்காரரோ வேறு ஊர்க்காரரோ ஆட்சேபம் எழுதலாம், அதிகாரி காரணம் சொல்லி முடிவு தர வேண்டும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இனி யார் குடியிருப்பார் என்ற முடிவுக்கு இப்படி எந்தச் சட்டக் கட்டாயமும் இல்லை. ஊரின் எதிர்காலத்தை ஜன்னலைவிட அதிகம் தீர்மானிப்பது அந்த முடிவு. காலியாகும் ஒவ்வொரு வீட்டுக்கும் யாருக்கு முன்னுரிமை, வாடகை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, உள்ளூரில் வேலை பார்ப்பவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ளவருக்கும் என்ன இடம் என்பதை டிரஸ்ட் எழுத்தில் வைத்து, ஊர்சபையிடம் ஆண்டுதோறும் கணக்குச் சொல்ல வேண்டும். மாட்டில்டா டால்பட் கொடுத்ததில் ஊரும் இருந்தது என்பதால், இதைக் கேட்கும் உரிமை ஊருக்கு இருக்கிறது.